ஹெபடைட்டிஸ் சி: சிகிச்சையின்றித் தானாகக் குணமாதல்

ஹெபடைட்டிஸ் சி வைரஸ் தொற்றியவர்களில் ஒரு பகுதியினருக்கு, மருந்து எதுவும் இல்லாமலே வைரஸ் ரத்தத்திலிருந்து முற்றிலும் மறைந்துவிடுகிறது. இதைத் தானாகக் குணமாதல் என்பர். ரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் 1989இல் கண்டறியப்பட்டது.

விகிதம்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, தொற்றியவர்களில் சுமார் 30% பேர் (15 முதல் 45% வரை) ஆறு மாதங்களுக்குள் தானாகக் குணமாகின்றனர். அதற்குப் பிறகும் வைரஸ் நீடித்தால் அது நாள்பட்ட தொற்று. அந்நிலையில் தானாகக் குணமாவது மிக அரிது. நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30% பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் கல்லீரல் இறுக்கநோய் வரும் அபாயம் உண்டு.

அயர்லாந்து நிகழ்வு

1977–78இல் அயர்லாந்தில் ஆர்எச் நெகட்டிவ் ரத்தவகைத் தாய்மார்களுக்குப் போடப்பட்ட ஆன்டி-டி ஊசி மருந்தில் இவ்வைரஸ் கலந்திருந்தது. 1994இல் இது வெளிவந்தபின் நடந்த பரிசோதனைகளில், தொற்றின் அடையாளம் காணப்பட்ட 704 பெண்களில் 390 பேரின் ரத்தத்தில் மட்டுமே வைரஸ் இருந்தது. ஏறத்தாழ 45% பேருக்கு அது நீங்கியிருந்தது.

காரணிகள்

ஆண்களைவிடப் பெண்களுக்கும், தொற்றின் தொடக்கத்தில் மஞ்சள் காமாலை கண்டவர்களுக்கும் வைரஸ் நீங்கும் வாய்ப்பு அதிகம். எச்ஐவி தொற்றும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு குறையும். இன்டர்ஃபெரான் லாம்டாவை உருவாக்கும் ஐஎல்28பி மரபணுவின் ஒரு வகை குணமாவதற்குத் துணைபுரிவது 2009இல் தெரியவந்தது. கிழக்காசிய மக்களிடம் பரவலாகவும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவாகவும் காணப்படும் இவ்வகை, தானாகக் குணமாகும் விகிதத்தில் மக்கள்தொகுதிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஓரளவு விளக்குகிறது. வைரஸை ஒழிப்பதில் நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களின் வலுவான, நீடித்த செயல்பாடு முதன்மையானது.

உறுதிசெய்தல்

குணமானவரின் ரத்தத்திலும் எதிர்ப்பான்கள் பல ஆண்டுகள் தங்கும். ஆகவே எதிர்ப்பான் பரிசோதனை 'பாசிட்டிவ்' என்பதாலேயே நோய் இருப்பதாகக் கொள்ள முடியாது. வைரஸின் ஆர்என்ஏவைத் தேடும் பரிசோதனையும் தேவை. அது 'நெகட்டிவ்' என வந்தால், சில மாதங்கள் கழித்து மீண்டும் செய்து உறுதிப்படுத்துவர். குணமானவருக்கு முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை, மீண்டும் தொற்றலாம். இதற்குத் தடுப்பூசியும் இல்லை.

இன்றைய அணுகுமுறை

இன்டர்ஃபெரான் ஊசி மட்டுமே இருந்த காலத்தில், அதன் கடும் பக்கவிளைவுகளைக் கருதி, வைரஸ் தானாக நீங்குகிறதா என்று சில மாதங்கள் காத்திருப்பது வழக்கம். வைரஸை நேரடியாகத் தாக்கும் இன்றைய மாத்திரைகள் பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்களில் 95%க்கு மேற்பட்டோரைக் குணப்படுத்துகின்றன. எனவே ஆர்என்ஏ பரிசோதனையில் வைரஸ் உறுதியானவர்கள், அது தானாக நீங்கும் என்று காத்திராமல் உடனே சிகிச்சை பெறுவதே நல்லது.