பள்ளி நூல்நிலையமும் மேரி டக்ளஸ் அம்மையாரும்

பள்ளிக்கூடத்திற்கு நூல்நிலையம் வேண்டும் என்பதை மறுப்பார் இன்று எவரும் இலர். ஆயின், நூல்நிலையம் என்பது யாது என்று வினவினால், பலர் கண்ணாடிக் கதவிட்ட ஓர் அலமாரியையே சுட்டிக் காட்டுவர். அதன் சாவி தலைமையாசிரியரின் மேசைக்குள் இருக்கும். நூல் தொலைந்தால் கணக்குக் காட்டவேண்டுமே என்னும் அச்சத்தால் அச்சாவி எளிதில் வெளியே வருவதில்லை. இந்நிலை ஏதோ நம் பள்ளிகளுக்கு மட்டும் வாய்த்ததென்று எண்ணிவிடலாகாது. செல்வம் மிக்கதென நாம் கருதும் அமெரிக்க நாட்டிலும் இத்தகைய அலமாரிகள் இருந்தன. அங்கு நூல்களுக்குப் பணம் தேடுவது ஒரு தலைமுறையின் வேலையாக இருந்தது. அந்நூல்களைப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவரும் ஆளைத் தேடுவது அடுத்த தலைமுறையின் வேலையாயிற்று. அந்த இரண்டாம் வேலையில் வாழ்நாளைச் செலவிட்டவர் மேரி பீகாக் டக்ளஸ் அம்மையார். வட கரோலினா மாநிலத்தின் முதற் பள்ளி நூல்நிலைய ஆலோசகர் அவரே.

வட கரோலினா, அமெரிக்காவின் தென்கிழக்கே அட்லாண்டிக் கடலை ஒட்டிய மாநிலம். பருத்தியும் புகையிலையும் அதன் பழைய பயிர்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்தது அது. போருக்குப்பின் நெடுங்காலம் வறுமையில் உழன்றது. நாட்டுப்புறப் பள்ளிகள் பல ஓரறைக் கட்டடங்களாகவே இருந்தன. அத்தகைய மாநிலம் 1901ஆம் ஆண்டில் நாட்டுப்புறப் பள்ளி நூல்நிலையங்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது வியப்புக்குரியது. அச்சட்டத்தின் கணக்கு மிக எளிது. ஊரார் தம் கையிலிருந்து பத்து டாலர் திரட்டினால், மாவட்டக் கல்விக் குழு பத்து டாலர் தரும். மாநில அரசு மேலும் பத்து டாலர் தரும். முப்பது டாலருக்கு நூல் வாங்கிக்கொள்ளலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அரசே முழுத் தொகையையும் கொடுத்திருந்தால் ஊராருக்கு அந்நூல்களில் பற்று எழுந்திராது. ஊராரே முழுவதும் கொடுக்கவேண்டும் என்றிருந்தால் ஏழை ஊர்களுக்கு நூலே வந்திராது. விதவைத் தாயும் கூலியாளும் கொடுத்த சில காசும் சேர்ந்தே அந்தப் பத்து டாலர் நிறைந்திருக்கும். ஆதலின், நூல்கள் ஊரின் சொத்தாக எண்ணப்பட்டன. சட்டம் வெற்றி பெற்றது. பெட்டி பெட்டியாக நூல்கள் நாட்டுப்புறம் சென்றன.

ஆனால், சட்டம் நூலுக்கு வழி வகுத்ததேயன்றி ஆளுக்கு வழி வகுக்கவில்லை. வந்த நூல்களைப் பதிந்து, வகைப்படுத்தி, எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்றறிந்து கொடுத்து, கிழிந்ததை ஒட்டி, பழையதை நீக்கிப் புதியது சேர்க்க ஒருவர் வேண்டுமன்றோ? பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்திய ஆசிரியருக்கு அதற்குப் பொழுது ஏது? தோட்டப் பள்ளிகளில் ஓராசிரியராய் இருந்து முதல் வகுப்புக்கு அரிச்சுவடியும் நான்காம் வகுப்புக்குக் கணக்கும் ஒரே மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மேரி பீகாக், அச்சட்டம் பிறந்து இரண்டாண்டு கழித்து, 1903இல், அதே மாநிலத்தின் சாலிஸ்பரி நகரில் பிறந்தார். கிரீன்ஸ்பரோ நகரில் பெண் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென 1891இல் தோன்றிய கல்லூரி, அவர் காலத்தில் மாநிலப் பெண்கள் கல்லூரியாக வளர்ந்திருந்தது. அங்கே அவர் பட்டம் பெற்றார். பின்னர் ஆசிரியப் பணியும் பள்ளி நூல்நிலையப் பணியும் புரிந்தார். நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நூல்நிலையக் கல்வியும் கற்றார். வகுப்பறையில் நின்று பாடம் சொன்னவர் என்பதைக் கருத்தில் இருத்தல் வேண்டும். அவர் பின்னாளில் எழுதியவற்றிற்கெல்லாம் அடிப்படை அதுவே.

அப்போது தென் மாநிலங்களில் இரு மாறுதல்கள் நிகழ்ந்துகொண்டிருந்தன. உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தகுதிச் சான்று வழங்கிவந்த தென்னகக் கல்விச் சங்கம், 1927இல் பள்ளி நூல்நிலையங்களுக்கான விதிகளை ஏற்றுக்கொண்டது. நூல்நிலையம் இல்லையேல் தகுதி இல்லை என்னும் நெருக்கடி தலைமையாசிரியர்களுக்கு ஏற்பட்டது. மற்றொன்று, ராக்ஃபெல்லர் செல்வத்தைக்கொண்டு நிறுவப்பட்ட பொதுக் கல்வி வாரியம், தென் மாநிலக் கல்வித்துறைகளில் பள்ளி நூல்நிலைய மேற்பார்வையாளர்களை அமர்த்தப் பொருளுதவி செய்தது. விதி ஒருபுறம் தள்ள, நிதி ஒருபுறம் இழுக்க, புதிய பதவி ஒன்று பிறந்தது. 1930இல் வட கரோலினாவில் அப்பதவி மேரி பீகாக்குக்குக் கிடைத்தது. வயது 27. திருமணத்திற்குப்பின் டக்ளஸ் என்னும் பெயர் சேர்ந்தது.

பதவி ஏற்ற காலமோ பொல்லாதது. 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்து, நாடெங்கும் பெருமந்தம் சூழ்ந்திருந்தது. நம் நாட்டில் ரப்பர் விலை வீழ்ந்து தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்ததும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி ஊர் திரும்பியதும் அதே மந்தத்தினால்தான். வட கரோலினாவில் மாவட்டங்களால் பள்ளிகளை நடத்த இயலாமற் போயிற்று. 1933இல் மாநில அரசு நூற்றுக்கு மூன்று விழுக்காடு விற்பனை வரி விதித்து, எட்டு மாதப் பள்ளியாண்டின் செலவைத் தானே ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் சம்பளமே குறைந்துபோன அந்நாளில் ‘நூல்நிலையம்’ என்று வாய் திறக்கவும் துணிவு வேண்டும்.

அவர் பதவியின் பெயர் ஆலோசகர் என்பதாகும். இச்சொல்லை ஊன்றி நோக்குக. பள்ளிச் சோதனையாளர் வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் பிள்ளைகளுக்கு விடை மனப்பாடம் செய்விப்பதும் எங்கும் உள்ள வழக்கம். அவருக்கு ஆணையிடும் உரிமை உண்டு. அதனால் அவர் காண்பது அவருக்காகச் செய்யப்பட்ட காட்சியையே. ஆலோசகருக்கு அவ்வுரிமை இல்லை. கேட்டால் கேட்பர், இல்லையேல் விடுவர். மேற்கே மலையும் கிழக்கே கடலுமாக ஐந்நூறு மைல் நீண்டு, நூறு மாவட்டங்கள் கொண்ட மாநிலத்தில், ஒருவர் சொல்லை மற்றவர் விரும்பிக் கேட்கச் செய்வதற்கு என்ன வழி? எங்கும் நேரிற் செல்வது இயலாது. எழுத்து ஒன்றே எங்கும் செல்லும். டக்ளஸ் அம்மையார் எழுத்தைக் கைக்கொண்டார். மாநிலப் பள்ளிகளுக்கெனக் கைநூல் தொகுத்தார். அதன் வளர்ச்சியெனத் தக்கதாய், ‘ஆசிரிய நூலகர் கைநூல்’ என்னும் நூலை 1941இல் அமெரிக்க நூல்நிலையச் சங்கம் வெளியிட்டது.

ஆசிரிய நூலகர் என்பவர் யார்? நாளில் பெரும்பொழுது பாடம் நடத்தி, எஞ்சிய ஓரிரு பாடவேளையில் நூல்நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர். முழு நூலகர் அல்லர். முழுப் பயிற்சியும் பெறாதவர். அறிஞர்கள் எழுதிய நூலகக் கலை நூல்கள் பெரிய நகர நூலகங்களை எண்ணி எழுதப்பட்டவை. அவற்றைப் படித்து இவர் மிரள்வார். இவருக்கென எழுதியதே டக்ளஸ் அம்மையாரின் சிறப்பு.

அந்நாளைய பள்ளி நூல்நிலைய முறை பெரிய மந்திரம் அன்று. நூல் வந்ததும் வரவுப் பதிவேட்டில் எண்ணிட்டு எழுதுதல். மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பின்படி பொருளெண் இடுதல். நூலின் உட்புறம் காகிதப் பை ஒட்டி அதில் ஒரு சீட்டு வைத்தல். பிள்ளை நூலை எடுக்கும்போது சீட்டில் பெயர் எழுதிப் பள்ளியில் வைத்துக்கொள்வர். நூலில் ஒட்டிய தாளில் திருப்பித் தரவேண்டிய நாளைக் குறிப்பர். அவ்வளவே. இந்தச் சீட்டு ஒன்று இருந்தால் நூல் எங்குள்ளது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். தெரிந்தால் தொலையும் என்னும் அச்சம் தணியும். அச்சம் தணிந்தால் அலமாரியைப் பூட்டவேண்டியதில்லை. பூட்டுக்கு மாற்று அறிவுரை அன்று, ஒரு துண்டு அட்டையே. கல்வி பற்றிய மேடைப் பேச்சுகளில் இத்தகைய சிறு பொருள்களுக்கு இடம் கிடைப்பதில்லை என்பது வேறு செய்தி.

இவ்வேலையெல்லாம் ஆசிரியர் ஒருவரே செய்ய இயலுமா என்பார்க்கு அம்மையார் சொன்ன விடை, பிள்ளைகளையே துணை கொள்க என்பது. 1957இல் மாணவத் துணைவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். இதில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கூலி கொடுத்து ஆள் வைக்க மனமில்லாத நிருவாகம், பிள்ளைகளின் உழைப்பை வாங்கிக்கொள்ள இது சாக்காகிவிடாதா? ஆகலாம். ஆனால், நூலை அடுக்கும் பிள்ளை நூலைப் புரட்டாமல் விடுவதில்லை என்பதும், பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்குப் பள்ளியில் மதிப்பான ஓர் இடம் கிடைப்பதும் ஆசிரியர் அறிந்தவை.

ஐயத்திற்கு அம்மையாரின் மற்றொரு பணியிலும் விடை உண்டு. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், போருக்குப் பிந்திய பள்ளி நூல்நிலையங்கள் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று வகுக்க அமெரிக்க நூல்நிலையச் சங்கம் அமைத்த குழுவுக்கு அவர் தலைவரானார். 1945இல் வெளிவந்த ‘இன்றைக்கும் நாளைக்குமான பள்ளி நூல்நிலையங்கள்’ என்னும் அந்த அறிக்கையே நாடு முழுமைக்குமான அளவுகோலாயிற்று. ஐந்நூறு மாணவருக்கு முழுநேர நூலகர் ஒருவர் வேண்டும். ஆண்டுதோறும் மாணவர் ஒருவருக்கு ஒன்றரை டாலர் நூலுக்கெனச் செலவிட வேண்டும் என்று அது கேட்டது. இருப்பதை வைத்து ஓட்டுவது எவ்வாறு என்று கைநூல் எழுதியவரே, இருப்பது போதாது என்றும் எழுத்தில் பதித்தார். முன்னதை மட்டும் செய்பவர் நிருவாகத்திற்கு நல்லவராவார்; பின்னதை மட்டும் செய்பவர் ஆசிரியர்க்குப் பயன்படார்.

இனி, மறைக்கலாகாத ஒரு செய்தி. அவர் பணிபுரிந்த மாநிலத்தில் வெள்ளையர் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைக்கு வேறொரு பள்ளி. ‘பிரிவினும் சமம்’ என்று 1896இல் உச்சநீதிமன்றமே அதற்கு ஒப்புதல் தந்திருந்தது. பிரிவு இருந்தது; சமம் இல்லை. மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று கணக்கிடும் அளவுகோல் மாணவரின் நிறத்தைக் கேட்பதில்லை. கேட்டவை அவ்வளவுகோலைக் கையில் பிடித்திருந்த மாநிலமும் மாவட்டங்களும்.

ஆகவே, மாநிலத்தின் பள்ளி நூல்நிலைய வரலாற்றை டக்ளஸ் அம்மையார் ஒருவரைக்கொண்டே எழுதுவது பாதி வரலாறாகும். மறுபாதிக்கு உரியவர் மாலி ஹியூஸ்டன் லீ அம்மையார். 1907இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. அவரும் கொலம்பியாவில் நூல்நிலையக் கல்வி பயின்றவர். அவரும் 1930இல்தான் வட கரோலினாவின் தலைநகராகிய ராலே நகருக்கு வந்து, ஷா பல்கலைக்கழகத்தில் நூலகரானார். மாநில நூல்நிலையச் சங்கத்தில் கறுப்பினத்தார்க்கு இடம் இல்லாத காலம் அது. அதனால் 1934இல் கறுப்பின நூலகர்களுக்கெனத் தனிச் சங்கம் தோன்ற முன்னின்றார். அடுத்த ஆண்டு ராலே நகரில் கறுப்பின மக்களுக்கென ரிச்சர்டு பி. ஹாரிசன் நூல்நிலையத்தைத் தொடங்கினார். 1946 முதல் 1953 வரை மாநிலத்துக் கறுப்பினப் பள்ளிகளின் நூல்நிலைய மேற்பார்வையாளராகவும் பணியாற்றினார். ஒரே நகர், ஒரே கல்வி, ஒரே தொழில். பணி மட்டும் நிறத்தால் இரண்டாக அறுக்கப்பட்டது. மேற்பார்வையாளர் பதவி கறுப்பினப் பள்ளிகளுக்குத் தனியே அமைந்தது, டக்ளஸ் அம்மையார் பதவி ஏற்றுப் பதினாறாண்டு கழித்து என்பதையும் நோக்குதல் வேண்டும். பத்து டாலர் திரட்டிய ஊர்களுள்ளும் ஏழையானவை காத்திருந்த காலம் அது.

பள்ளிகளில் நிறப்பிரிவு சட்டத்திற்கு முரணானது என 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது டக்ளஸ் அம்மையார் ராலே நகரப் பள்ளிகளின் நூல்நிலைய மேற்பார்வையாளராக இருந்தார். மாநிலப் பதவியை விட்டு 1947இல் அவர் அப்பணிக்கு வந்திருந்தார். தீர்ப்புக்கு ஆறாண்டு கழித்து, 1960இல்தான், அந்நகரின் வெள்ளையர் பள்ளி ஒன்றில் முதல் கறுப்பினச் சிறுவன் கால் வைத்தான்.

மாநிலத்தை விட்டு நகரத்திற்கு வந்தது சிலருக்கு இறக்கமாகத் தோன்றலாம். ஆனால், தொடக்கப் பள்ளிகளுக்குள் அன்றாடம் சென்று பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது. உயர்நிலைப் பள்ளிக்கே நூல்நிலையம் என்று அமெரிக்காவில் நெடுநாள் எண்ணப்பட்டு வந்தது. தகுதிச் சான்று விதிகளும் அவற்றையே நோக்கின. படிக்கும் பழக்கமோ அதற்கு முன்பே அமைந்துவிடுகிறது, அல்லது அமையாமற் போய்விடுகிறது. 1961இல் யுனெஸ்கோ நிறுவனம் தன் நூல்நிலையக் கைநூல் வரிசையில் பன்னிரண்டாவதாகத் தொடக்கப் பள்ளி நூல்நிலையத்தைப் பற்றி வெளியிட்டபோது, எழுதியவர் டக்ளஸ் அம்மையார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மொழிகளில் அது வெளிவந்தது. மலாயாக் கூட்டரசு அதற்கு மூன்றாண்டு முன்னர், 1958இல், யுனெஸ்கோவில் உறுப்பினராகியிருந்தது. நாட்டுப்புறத் தென் மாநிலம் ஒன்றின் ஏழைப் பள்ளிகளில் கற்ற பாடம், புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் ஏழைப் பள்ளிகளை நோக்கிப் புறப்பட்டது என்று கொள்ளலாம்.

பிள்ளைகளின் வாசிப்பை வளர்த்தமைக்காக அமெரிக்க நூல்நிலையச் சங்கம் வழங்கிவந்த குரோலியர் விருது 1958இல் அவருக்குக் கிடைத்தது. 1968இல் ஓய்வு பெற்றார், 1970இல் மறைந்தார். வட கரோலினாப் பள்ளி நூலகர்கள் அவர் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்தினர். லீ அம்மையார் 1972வரை ஹாரிசன் நூல்நிலையத்திலேயே இருந்து, 1982இல் காலமானார். அவர் சிறிது சிறிதாகச் சேர்த்த கறுப்பின எழுத்தாளர்களின் நூல்கள், அவர் பெயரைத் தாங்கிய தனித் தொகுப்பாக அங்கு வைக்கப்பட்டன.