கேதாரநாத் பிரவாகமும் சோராபாரி மழைமானியும்

2013 ஜூனில் கேதாரநாத்தை அழித்த மந்தாகினிப் பிரவாகத்துக்கு, ஊருக்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்ததே மூலகாரணம் என்னும் அபிப்பிராயம் ஏறக்குறைய ஸ்திரப்பட்டுவிட்டது. ஏரியின் பங்கை மறுப்பது என் நோக்கமன்று. வடிகாலற்ற அவ்வேரியின் மொரைன் கரை, அதாவது பனியாறு குவித்த கல்மண் கரை, ஜூன் 17 காலை 6.45 மணியளவில் தகர்ந்ததில் ஐயமில்லை. ஆயினும் முதல் வெள்ளம் முந்தின நாள் மாலை 5.15 மணிக்கே ஊருக்குள் புகுந்துவிட்டது. இதை அவ்வபிப்பிராயத்தார் ஒரு முன்னறிகுறியாகச் சுருக்கி, பெருமழை என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுகின்றனர்.

அம்மழைக்கு மிக அண்மையில் இருந்த சாட்சி, டேராடூன் வாடியா நிறுவனத்தார் சோராபாரி பனியாற்றருகே வைத்திருந்த மழைமானி. ஜூன் 15 மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 5 மணிவரை அது காட்டியது 210 மி.மீ.; அதன்பின் மாலை 5 மணிவரை 115 மி.மீ. இரண்டையும் கூட்டி 325 என்று எடுத்தாள்வதே வழக்கமாகிவிட்டது. கூட்டிய மாத்திரத்தில், இச்சாட்சி சொல்லக்கூடிய முக்கியமான செய்தி மறைந்துபோகிறது. இரவு மழையில் ஏறத்தாழப் பாதியே பகலில் பெய்திருக்க, வெள்ளமோ அப்பகலின் முடிவில் வருகிறது. செங்குத்தான சரிவுகள் சூழ்ந்த அச்சிறு நீர்ப்பிடிப்பில் மழைநீர் ஓடையை அடையச் சில மணி நேரமே போதுமாதலால், மழை ஒன்றே காரணமாயின் விடியற்காலையிலேயே அது ஊரைத் தாக்கியிருக்க வேண்டும். ஜூலை நடுவில் நாடு முழுவதும் பரவவேண்டிய பருவமழை அவ்வாண்டு ஜூன் 16-லேயே பரவிவிட்டதால், மேல்நிலங்களில் குளிர்காலப் பனி இன்னும் எஞ்சியிருந்தது. இரவு மழையில் ஒரு பங்கை அப்பனியும் அதன் கசிவால் ஊறிய மண்ணும் பிடித்துவைத்து, இனிக் கொள்ளாது என்ற நிலையில், பகலில் பெய்த குறைந்த மழையோடு தன் உருகுநீரையும் சேர்த்துப் பனி வெளிவிட்டது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மழையே பனியை உருக்கிற்று என்று நான் சொல்லவில்லை. மழைநீரின் உஷ்ணம் 4 பாகை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 325 மி.மீ. மழை தன் சூட்டால் உருக்கக்கூடியது 16 மி.மீ. அளவே. ஈரக்காற்றிலுள்ள ஆவியோ, ஒரு கிராம் பனிமேல் படிந்து நீரானால் ஏழு கிராமுக்கு மேல் உருக்கும். மழையை மட்டும் அளந்தவர்கள் இக்காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பன்னிரண்டு மணி நேர மொத்தங்களிலிருந்து மணிவாரியான மழையை அனுமானிக்க இயலாது என்பதும், கடைசி ஒரு மணியில் கடும்பொழிவு நேர்ந்திருப்பது அசாத்தியமன்று என்பதும் எனக்கு உடன்பாடே. அதற்குமேல் இணங்குவதற்கில்லை. ஒற்றை மழைமானி ஒரு பள்ளத்தாக்குக்கே பிரமாணமாகுமா என்பர். மலைக்காற்றில் மழைமானி குறைத்துக் காட்டுமேயன்றி மிகைத்துக் காட்டுவது அபூர்வம். மண்சரிவு ஓடையைச் சிறிது நேரம் அடைத்திருக்கும் என்பாரும் உளர். ஊரை நோக்கி வரும் சரஸ்வதி, தூத்கங்கை என்னும் ஓடைகள் இரண்டும் ஒருங்கே பெருகியிருக்க, இரண்டும் ஒருங்கே அடைபட்டு ஒருங்கே திறந்தன என்று நம்ப நிரம்பத் துணிவு வேண்டும்.

கீழே கௌரிகுண்டத்துக்கும் சோன்பிரயாகைக்கும் மறுநாள் நேர்ந்த நாசத்தை ஏரியின் கணக்கில் எழுதலாம். ஊரின் மேற்பகுதியோடு சங்கராசாரியர் சமாதியை அடித்துச் சென்றது முதல்நாள் மாலை வெள்ளம். அப்போது ஏரியின் கரை உடையவில்லை.