சப்பாத்திக்கள்ளியும் சிவப்புச் சாயமும்

சப்பாத்திக்கள்ளி நம்மூர்ச் செடி என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லைங்க! ஐரோப்பியர்களின் கப்பலேறி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம்மூர்க் கள்ளியைக் கிள்ளினால் பால் வரும். இதைக் கிள்ளினால் கொழகொழவென்று நீர்தான். இருந்தாலும் முள்ளைப் பார்த்து 'கள்ளி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் பல இனங்கள் உண்டு. இந்தக் கதையின் நாயகன் 'ஒபன்ஷியா மொனகாந்தா'. சொந்த ஊர் பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா பக்கம். ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். நாம் இலை என்று நினைக்கும் தட்டைகள் உண்மையில் தண்டுதான். பளபளப்பான பச்சை, மெலிந்து நீண்டிருக்கும். நிஜ இலைகள் துளிரில் சின்னதாக முளைத்து உதிர்ந்துவிடும். மொனகாந்தா என்றால் 'ஒற்றை முள்'. பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு ஒரு நீள முள்தான். ஆனால் அடியில் இருக்கும் மயிர் போன்ற பொடி முட்கள்தான் ஆபத்து, விரலில் ஏறினால் லேசில் வராது. பூ மஞ்சள், பழம் செந்நிறம்.

இனி வரலாறு. அக்காலத்தில் மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்துக்கு ஐரோப்பாவில் ஏக கிராக்கி. வியாபாரம் முழுக்க ஸ்பெயின் கையில். அதை உடைக்க கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற டாக்டர் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித்தோட்டமே போட்டார். 1795-ல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்ததோ மட்டரகப் பூச்சி! சாயம் தேறவில்லை. ஆனால் மொனகாந்தாவை மட்டும் உறிஞ்சித் தீர்த்தது. காமர்ஸ் மாணவனான எனக்கு இது சுத்தமான நஷ்டக் கணக்காகத்தான் பட்டது.

ஆனால் அந்த நஷ்டத்திலும் ஒரு வரவு இருந்தது. அதற்குள் தென்னிந்தியாவின் புஞ்சைகளை இந்தக் கள்ளி வளைத்துப் போட்டிருந்தது. (எங்கள் டெல்டா நஞ்சையில் தண்ணீர் தேங்கினால் இதன் வேர் அழுகிவிடும், அதனால் வயல்கள் தப்பித்தன.) 1836-38ல் அதே பூச்சியை இங்கே கொண்டுவந்து விட்டார்கள், கள்ளி மளமளவென்று அழிந்தது. களையை ஒழிக்க வேண்டுமென்றே பூச்சியை விட்டதில் உலகிலேயே மிகப் பழைய உதாரணங்களில் இதுவும் ஒன்று. 1860-களில் இலங்கைக்கும் போனது.

பிரச்சினை அதோடு முடியவில்லை. கொத்துக் கொத்தாக மஞ்சள் முள் கொண்ட வேறொரு சப்பாத்திக்கள்ளி பரவியது. பழைய பூச்சி அதைச் சீண்டவே இல்லை! அதற்கென்று இன்னொரு கொச்சினீல் இனத்தை 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். ஐந்தாறு வருடங்களில் சுமார் 40,000 எக்டேர் நிலம் மீண்டது.

இன்றும் வேலியோரக் கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போலத் தெரிந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். ரத்தமாய்ச் சிவக்கும்.