பால்கனி எத்தனை மி.மீ. வரை தொங்கலாம்? விதி சொல்வது இதுதான்!

தூண் இல்லாமல் 4 அடி வெளியே நீட்டி பால்கனி போடுவது சகஜமாகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள இந்த அமைப்புதான் கேண்டிலீவர். பாரம் ஏறினால் இதன் நுனி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எவ்வளவு இறங்கலாம்?

கணக்கு என்ன?

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456:2000 விதிப்படி, மொத்த இறக்கம் நீளத்தில் 250-ல் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 4 அடிக்கு (சுமார் 1,200 மி.மீ.) இது 4.8 மி.மீ. சுவர், டைல்ஸ் வேலை முடிந்த பிறகு ஏற்படும் இறக்கத்துக்கு வரம்பு இன்னும் குறைவு. நீளத்தில் 350-ல் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., இதில் எது குறைவோ அது. இங்கே சுமார் 3.4 மி.மீ.தான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

பாரம் தொடர்ந்து இருந்தால் கான்கிரீட் வருடக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். வரம்பு மீறினால் டைல்ஸ் விரியும், சுவரில் வெடிப்பு விழும்.

தப்பு எங்கே நடக்குது?

சாதாரண ஸ்லாபில் மெயின் கம்பி அடியில் இருக்கும். கேண்டிலீவரில் அது மேல்பக்கம் இருக்கணும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து கம்பி கீழே இறங்கிவிட்டால், இறக்கம் கூடுவது மட்டுமல்ல, பால்கனியே இடிந்து விழலாம்.

என்ன செய்யணும்?

கம்பியைத் தாங்க சேர் கம்பி வைத்திருக்கிறார்களா என கான்கிரீட்டுக்கு முன்பே பாருங்க. பிறகு பால்கனியில் சுவர் எழுப்பவோ, தண்ணீர்த் தொட்டி வைக்கவோ நினைத்தால் இன்ஜினீயரைக் கேட்காமல் செய்யாதீங்க. பால்கனி வீட்டோடு சேரும் இடத்தில், மேல்பக்கம் வெடிப்பு தெரிந்தால் பூசி மறைக்க வேண்டாம். அங்கே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, உடனே இன்ஜினீயரிடம் காட்டுங்க.