சேம்பு வயலும் துடுப்புப் பலகையும்

கடலலையின் மீது பலகையில் சறுக்குவது, பலகையில் படுத்தோ நின்றோ நெடுந்தூரம் கடலைக் கடப்பது ஆகியவை பற்றித் தமிழில் காணக் கிடைப்பவை பெரும்பாலும் சுற்றுலாக் குறிப்புகளே. இலக்கிய வாசகருக்கு இவற்றில் என்ன இருக்கிறது என்ற வினா எழுவது இயல்பு. ஆயினும் இவ்விளையாட்டின் மூன்று கூறுகளான பயிற்சி, உணவு, கருவி ஆகியவற்றைப் பின்தொடர்ந்து சென்றால், ஒரு தீவு மக்கள் தம் மண்ணையும் நீரையும் எவ்வாறு இழந்தனர் என்ற இடத்தில் போய் நிற்கிறோம். அவ்வழியிலேயே இக்கட்டுரையும் செல்கிறது.

ஹவாய் மொழியில் அலைச்சறுக்கின் பெயர் 'ஹெஎ நலு'. முதற்சொல் வழுக்கிச் செல்வதையும், இரண்டாவது அலையையும் குறிக்கும். 1779இல் கேப்டன் குக்கின் கப்பலில் இருந்த ஜேம்ஸ் கிங் என்னும் அதிகாரி, கியாலகெகுவா விரிகுடாவில் மக்கள் பலகைகளுடன் அலைகளில் விளையாடியதை வியந்து பதிவு செய்திருக்கிறார். ஆண், பெண், குழந்தை, குடிமகன், தலைவன் என அனைவரும் ஆடிய ஆட்டம் அது. பலகைகளில் மட்டும் ஏற்றத்தாழ்வு இருந்தது. மெல்லிய 'அலாயா' எல்லோருக்கும் உரியது. பதினாறு அடி வரை நீண்டு, எழுபது கிலோ அளவுக்குக் கனத்த 'ஓலோ' தலைவர்களுக்கு உரியது.

பலகை செய்யும் முறையை 1896இல் வெளியான ஒரு கட்டுரையில் தாமஸ் த்ரம் விரிவாகத் தருகிறார். மரத்தைத் தேர்ந்தபின் அதன் அடியில் செந்நிற மீன் ஒன்றைப் படைத்து, மரம் வீழ்ந்ததும் வேர்க்குழியில் அம்மீனை இட்டு வேண்டுவார்கள். பின்னர் கல் வாய்ச்சியால் செதுக்கி, பவளப்பாறைத் துண்டாலும் சொரசொரப்பான கல்லாலும் தேய்த்து, கருநிறச் சாயம் ஏற்றுவார்கள். ஒவ்வொரு நாளும் ஆடி முடித்த பின் பலகையை உலர்த்தி, தேங்காய் எண்ணெய் தடவி, மரப்பட்டைத் துணியில் சுற்றி வீட்டினுள் தொங்கவிடுவார்கள். கருவியைப் பேணுதல் குறித்து இன்றைய வணிகக் கையேடுகள் சொல்வதில் இதைக் காட்டிலும் கூடுதலாக அதிகம் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஓலோவுக்குச் சிறந்ததாகக் கருதப்பட்ட மரம் விலிவிலி. இது நம் ஊர்க் கல்யாண முருங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது. அதுபோலவே மிக இலேசான மரம். வெற்றிலைக் கொடிக்கால்களிலும் மிளகுத் தோட்டங்களிலும் கல்யாண முருங்கை வளர்த்தவர்கள், அண்மைக் காலத்தில் அதன் இலைகள் கழலை கழலையாகச் சுருண்டு போனதைக் கண்டிருப்பார்கள். அதற்குக் காரணமான நுண்குளவியே 2005இல் ஹவாயை அடைந்து விலிவிலி மரங்களையும் தாக்கியது. அதை ஒடுக்க 2008இல் வேறொரு குளவியை அங்கே விடுவித்த பின்னரே மரங்கள் மெல்லத் தழைத்தன. கடல் கடந்த இரு நிலங்களின் மரங்களுக்கு நேர்ந்த ஒரே நோய் என்பதால் இதைக் குறிப்பிட்டோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெஎ நலு ஏறத்தாழ மறைந்தது. 1820இல் வந்திறங்கிய கிறித்தவச் சமயப் பரப்பாளர்கள் தடை விதித்ததே காரணம் என்று பலரும் எழுதுவதுண்டு. அவர்களது வெறுப்புக்கும் அதில் பங்கு உண்டெனினும், முழுப் பழியையும் அவர்கள் மீது போடுவது எளிதான விளக்கமே. குக்கின் வருகைக்கு முன் இலட்சத்துக்கும் மேற்பட்டோராக இருந்த ஹவாய் மக்கள், புதிய நோய்களால் மாய்ந்து 1896இன் கணக்கெடுப்பில் கலப்பினத்தாரையும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கும் குறைவாக நின்றனர். ஆடுவதற்கே ஆளில்லை. எஞ்சியவர்களின் நிலத்திலும் கரும்பு வந்து சேர்ந்தது.

இங்கே உணவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹவாய் மக்களின் முதன்மை உணவு 'கலோ'. நாம் சேப்பங்கிழங்கு என்று சொல்வதுதான். வேகவைத்த கிழங்கைப் பலகையில் இட்டுக் கல் உலக்கையால் இடித்து, நீர் சேர்த்துக் கூழாக்கினால் அது 'போய்'. கெட்டியாக இருந்தால் ஒரு விரலால் எடுத்து உண்ணலாம். நெகிழ்ந்திருந்தால் இரண்டு, மூன்று விரல்கள் வேண்டும். அதனால் ஒருவிரல் போய், இருவிரல் போய் என்றே பெயர். இரண்டொரு நாள் வைத்தால் நம் பழைய சோறு போலப் புளிக்கும். சேம்பின் மாவுச்சத்து மிக நுண்ணிய மணிகளாக இருப்பதால் எளிதில் செரிக்கிறது. கூடவே மீன், கடற்பாசி, தேங்காய், சர்க்கரைவள்ளி. நெடுநேரம் நீரில் உழைக்கும் உடலுக்கு இதைவிடப் பொருத்தமான உணவை இன்றைய உணவியலாரும் பரிந்துரைக்க இயலாது.

கணக்கிட்டே பார்க்கலாம். மனித உடலின் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கக்கூடிய மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம். கடும் உழைப்பில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி இது தீரத் தொடங்கும். ஆகவே நெடும்போட்டிகளில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும் என்பது விளையாட்டு உணவியலின் பொதுவிதி; இரண்டரை மணி நேரத்துக்கு மேல் செல்வோர் இருவகைச் சர்க்கரைகளைக் கலந்து 90 கிராம் வரையும் பழகிக்கொள்கிறார்கள். வியர்வையில் போகும் உப்பையும் ஈடுசெய்ய வேண்டும். உப்பில்லாத நீரை மட்டும் அளவின்றிக் குடிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். நூறு கிராம் போயில் சுமார் 27 கிராம் மாவுச்சத்து உண்டு. மணிக்கு 60 கிராம் என்றால் ஏறத்தாழ 220 கிராம் கூழ். ஐந்து மணி நேரப் பயணத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இன்றைய வீரர்கள் சிறு உறைகளில் அடைத்த சர்க்கரைப் பாகை உறிஞ்சிக்கொண்டே போகிறார்கள். கையில் எடுத்துச் செல்ல வசதி என்பதைத் தவிர அதில் புதிய தத்துவம் எதுவும் இல்லை.

சேம்புக்கு ஓடும் நீர் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஓடையைப் பாத்தி பாத்தியாகத் திருப்பி, மீண்டும் ஓடையிலேயே விட்டுக் கடலுக்கு அனுப்பும் பாசன முறையை அவர்கள் வகுத்திருந்தனர். 1870களில் மாவுயி தீவின் கிழக்குப் பகுதி ஓடைகள் வாய்க்கால்கள் மூலம் கரும்புத் தோட்டங்களுக்குத் திருப்பப்பட்டன. 1893இல் அரசி லிலியுஓகலானி பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அடுத்தது வைகீகீயின் முறை. இன்று விடுதிகள் நெருங்கி நிற்கும் அப்பகுதி அந்நாளில் சேம்பு வயல்களும் நெல் வயல்களும் மீன் குளங்களும் நிறைந்த சதுப்பு. 1921 முதல் 1928 வரை ஆலா வாய் என்னும் கால்வாயை வெட்டிச் சதுப்பை வடித்து, தோண்டிய மண்ணைக் கொண்டே வயல்களைத் தூர்த்தார்கள். அலைச்சறுக்கின் தலைநகரான வைகீகீயில் அலைச்சறுக்கு வீரனின் உணவு விளைந்த நிலம் இல்லாமற்போனது இப்படித்தான்.

அந்த வைகீகீக் கரையில் வளர்ந்தவர் டியூக் கஹனமோகு. 1890இல் பிறந்தவர். 1911 ஆகஸ்டில் ஹானலூலூ துறைமுகத்தில் நூறு கஜ தூரத்தை 55.4 விநாடிகளில் நீந்தினார். நடப்பிலிருந்த சாதனையைவிட நாலரை விநாடிக்கும் மேல் குறைவு. அமெரிக்க அமெச்சூர் சங்கத்தார் அதை ஏற்க மறுத்தார்கள்; நீரோட்டம் துணைசெய்திருக்கும் என்றார்கள். மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தங்கத்தை வென்று வந்தார். டியூக்கிற்குத் தனிப் பயிற்சிக்கூடம் என்று ஒன்றும் இருந்ததில்லை. பலகையில் படுத்துக் கைகளால் நீரை இழுத்து அலை தோன்றும் இடம் வரை செல்வதே தோளுக்குப் பயிற்சி. அலையைப் பிடிப்பதே காலுக்குப் பயிற்சி. 1925 ஜூனில் கலிபோர்னியாவின் கொரோனா டெல் மார் கடலில் படகொன்று கவிழ்ந்தபோது, தம் பலகையில் மும்முறை சென்று எட்டு உயிர்களை மீட்டார். உயிர் காப்போருக்குப் பலகை ஒரு கருவியாக நிலைபெற்றதற்கு இந்நிகழ்ச்சியும் காரணம்.

டியூக்கின் புகழால் ஈர்க்கப்பட்டவர் விஸ்கான்சின் மாநிலத்தில் 1902இல் பிறந்த டாம் பிளேக். 1920இல் டெட்ராய்ட் நகரில் டியூக்கின் கையைக் குலுக்கியதே அவர் வாழ்வின் திசையை மாற்றியது. பின்னர் ஹவாய்க்குச் சென்று, பிஷப் அருங்காட்சியகத்தில் அபனர் பாக்கி என்னும் தலைவரின் ஓலோ பலகைகளைக் கண்டார். கவனிப்பாரற்றுக் கிடந்த அவற்றைச் செப்பனிட்டுத் தந்தவரும் அவரே. பாக்கியின் மகள் பெர்னிஸ் பவாஹியின் நினைவாக எழுப்பப்பட்டதே அந்த அருங்காட்சியகம்.

அந்த ஓலோவைப் போலவே ஒன்றைச் செய்ய விரும்பிய பிளேக், கனத்தைக் குறைக்க ரெட்வுட் பலகையில் நூற்றுக்கணக்கான துளைகளை இட்டு, உலரவிட்டு, மேலும் கீழும் மெல்லிய மரத்தகட்டால் மூடினார். பிறகு விமான இறக்கையைப் போல உள்ளே விலா எலும்புகள் வைத்து, உட்கூடான பலகையையே கட்டினார். 1929-30 காலத்தில் ஆலா வாய்க் கால்வாயில் நடந்த பலகைப் போட்டிகளுக்கு இதைக் கொண்டுவந்தார். அரை மைலுக்கான முந்தைய சிறந்த நேரம் ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல்; பிளேக் ஐந்து நிமிடத்துக்குள் முடித்தார். கூச்சல் எழுந்தது. இது பலகையா, படகா? வென்றது மனிதனா, கருவியா? கனத்த மரப்பலகையில் பயின்ற உள்ளூர் இளைஞர்களின் மனக்குறையை நம்மால் உணர முடிகிறது. தம் முன்னோரின் பலகை அருங்காட்சியகச் சுவரிலிருந்து இறங்கி, அன்னியர் ஒருவரின் காப்புரிமையாக மாறி, தம் வயல்களை அழித்து வெட்டிய கால்வாயிலேயே தம்மைத் தோற்கடித்தது. (காப்புரிமை 1932இல் கிடைத்தது.) பிளேக் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். ஹவாய் மக்களை அவர் மதித்தார். புலால் தவிர்த்து எளிய வாழ்வு வாழ்ந்தவர். ஆனால் நல்லவர் கைப்பட்டும் இவை நடந்தன என்பதை வரலாறு எழுதுவோர் மறைக்கலாகாது.

இயற்பியல் பிளேக்கின் பக்கம் இருந்தது. நீரைப் பிளந்து செல்லும் பொருளின் இயல்பான வேக எல்லை, நீரில் படியும் நீளத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. பன்னிரண்டு அடிப் பலகைக்கு அது மணிக்குச் சுமார் 4.6 கடல் மைல்; பதினெட்டு அடிக்குச் சுமார் 5.7. இந்த இடைவெளியைப் பயிற்சியால் மட்டும் கடப்பது அரிது. இன்றைய போட்டிகளில் பன்னிரண்டு அடிப் பிரிவு ஒன்றும் நீள வரம்பற்ற பிரிவு ஒன்றும் தனித்தனியே இருப்பதை, ஆலா வாயில் எழுந்த வழக்குக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த தீர்ப்பாகவே நாம் கொள்கிறோம்.

அதன் பின்னர் நடந்தவற்றை விரைவாகக் கடக்கலாம். 1932இல் பிளேக்கும் பீட் பீட்டர்சனும் வாலி பர்ட்டனும் கலிபோர்னியக் கரையிலிருந்து கேட்டலினா தீவுக்குப் பலகையில் சென்றார்கள்; பிளேக்குக்கு ஆன நேரம் 5 மணி 53 நிமிடம். 1955இல் அதே கடலில், தீவிலிருந்து கரை நோக்கி 32 மைல் போட்டி தொடங்கியது. மரம் போய், 1950களின் இறுதியில் பாலியூரித்தேன் நுரையும் கண்ணாடி இழையும் வந்தன. பின்னர் கார்பன் இழை. 1997 முதல் மொலகாயி தீவிலிருந்து ஓவாஹு தீவுக்கு, கைவி நீரிணையின் குறுக்கே 32 மைல் போட்டி நடைபெறுகிறது. ஆஸ்திரேலியரான ஜேமி மிட்செல் 2002 முதல் 2011 வரை பத்து முறை தொடர்ந்து வென்றார். 2007இல் அவரது நேரம் 4 மணி 48 நிமிடம். அங்கே தோள்வலிமை பாதிதான். பின்னாலிருந்து தள்ளும் வாடைக்காற்றின் அலைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து, ஒன்றின் வேகத்திலேயே அடுத்ததற்குத் தாவத் தெரிய வேண்டும். எந்த நொடியில் நான்கு கை வலுவாகப் போடுவது, எப்போது ஓய்வது என்பதைக் கடலில்தான் கற்க முடியும். பயிற்சியின் பெரும்பகுதியை மூச்சு வாங்காத மித வேகத்தில் நெடுந்தூரம் செல்வதாகவும், சிறுபகுதியை மட்டும் கடுவிரைவாகவும் இவர்கள் அமைத்துக்கொள்கிறார்கள்.

நின்று துடுப்பு வலிப்பதும் வைகீகீயில் பிறந்ததே. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அக்கரையின் பயிற்சியாளர்கள், சுற்றுலாப் பயணிகளைப் படமெடுக்கவும் கண்காணிக்கவும் பெரிய பலகையில் நின்று ஓடத்துடுப்பால் செலுத்தினர். 2000ஐ ஒட்டி லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்றோர் அதை மீட்டெடுத்தனர். 2012இல் பெருவில் உலகப் போட்டி நடந்தது. இது அலைச்சறுக்குச் சங்கத்துக்கு உரியதா, துடுப்புப் படகுச் சங்கத்துக்கு உரியதா என்ற வழக்கு எழுந்து, ஒலிம்பிக் அளவில் அலைச்சறுக்குச் சங்கத்துக்கே உரியது என 2020இல் விளையாட்டு நடுவர் மன்றம் தீர்த்தது. வழக்கில் இருபுறமும் சர்வதேசச் சங்கங்களே நின்றன. 2021இல் டோக்கியோவில் அலைச்சறுக்கு முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, மகளிர் தங்கத்தை வென்றவர் ஹவாய்ப் பழங்குடி வழிவந்த கரிசா மூர்.

2016இல் ஹவாயின் கடைசிக் கரும்பாலை மூடப்பட்டது. சில ஓடைகளில் நீர் திரும்பியிருக்கிறது. சேம்புப் பாத்திகளும் அங்கங்கே மீண்டு வருகின்றன. ஆலா வாய்க் கால்வாயின் கதை வேறு. 2006 மார்ச்சில் தொடர்மழையில் கழிவுநீர்க் குழாய் உடைந்து, 4 கோடியே 80 இலட்சம் கேலன் கழிவுநீர் அதில் திருப்பிவிடப்பட்டது. அன்றும் இன்றும் ஓடக்குழுக்கள் மாலை நேரங்களில் பயிற்சி பெறுவது அதே நீரில்தான். உடலில் காயமிருந்தால் அந்த நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே துடுப்பெடுக்கும் இளைஞருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் ஒன்று.