நாடி மறைந்த கைகள்

கையைப் பிடித்து நாடி பார்ப்பதே நம் நாட்டு வைத்தியத்தின் முதற்படி. மூன்று விரல்களை மணிக்கட்டில் பதித்து வாதம், பித்தம், கபம் என்று வகுத்துச் சொல்லும் சித்த வைத்தியர்கள் தென்காசி, குற்றாலம் பகுதிகளில் இன்றும் இருக்கின்றனர். "நாடி விழுந்துவிட்டது" என்று வைத்தியர் சொல்லிவிட்டால், உறவினர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டிய வேளை வந்துவிட்டது என்பதை வீட்டார் உணர்ந்துகொள்வார்கள். நாடி போனால் உயிர் போயிற்று என்பதுதான் நாம் அறிந்த கணக்கு.

இந்தக் கணக்குக்கு அடங்காத நோய் ஒன்று உண்டு. இந்நோய் கண்ட இளம்பெண் எழுந்து நடமாடுவாள், சமைப்பாள், பேசிச் சிரிப்பாள். ஆனால் அவளுடைய இடக்கை மணிக்கட்டில் எந்த வைத்தியரின் விரலுக்கும் நாடி தட்டுப்படாது. சிலருக்கு இரு கைகளிலுமே தட்டுப்படாது. துணி பிழியும்போதும் தலை பின்னும்போதும் கை சோர்ந்து தொங்கும். சற்று நேரம் மடியில் வைத்திருந்தால் சரியாகிவிடும். சோகை என்றும் சத்துக்குறைவு என்றும் எண்ணி டானிக் வாங்கிக் கொடுத்தே ஆண்டுகள் கழிந்துவிடுவதுண்டு. தகயாசு தமனியழற்சி என்பது இதன் பெயர். பெயர் ஜப்பானியப் பெயர்; ஆனால் இந்நோயின் வரலாற்றில் முக்கியமான சில பக்கங்களை எழுதியவர்கள் நம் நாட்டு மருத்துவர்கள்.

கதை கண்ணிலிருந்து தொடங்குகிறது. 1908ஆம் ஆண்டு ஜப்பானியக் கண் மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில், கனசாவா நகரத்துப் பேராசிரியர் மிகிடோ தகயாசு, 21 வயதுப் பெண்ணொருத்தியின் விழித்திரையில் தாம் கண்டதை விவரித்தார். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தைச் சுற்றி, நுண்ணிய இரத்த நாளங்கள் ஒன்றோடொன்று இணைந்து மலர்வளையம்போல் சூழ்ந்திருந்தன. அவர் கண் மருத்துவர். ஆகவே கண்ணைப் பற்றியே பேசினார். ஓனிஷி, ககோஷிமா என்ற வேறு இரு மருத்துவர்கள், தாங்களும் இத்தகைய கண்களைப் பார்த்திருப்பதாகத் தெரிவித்தனர். கூடவே ஒரு செய்தியையும் சொன்னார்கள்: அந்த நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி இல்லை!

கண்ணில் வளையம், கையில் நாடியின்மை. இரண்டுக்கும் என்ன உறவு? இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, மேலே சென்று வில்போல் வளைகிறது. கைகளுக்கும் தலைக்கும் செல்லும் கிளைகள் அந்த வளைவிலிருந்தே பிரிகின்றன. அவ்விடத்திலேயே கிளைகள் சுருங்கிவிட்டால் கையும் பட்டினி, கண்ணும் பட்டினி. தன் வாய்க்காலில் தண்ணீர் வராதபோது உழவர் பக்கத்து வாய்க்காலிலிருந்து மடை வெட்டுவதில்லையா? அதைப்போல், பட்டினி கிடந்த விழித்திரை வெட்டிக்கொண்ட மடைகளே தகயாசு கண்ட மலர்வளையம். இதனை மருத்துவ உலகம் முழுமையாக உணர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஷிமிசு, சானோ என்ற இருவர் 1951இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைக்குப் பிறகே 'நாடியற்ற நோய்' என்ற பெயர் உலகெங்கும் பரவியது.

பௌதிகம் கற்பிப்பவன் என்ற முறையில் இங்கே சற்று நின்று செல்ல விரும்புகிறேன். குழாயில் திரவம் பாய்வதைப் பற்றிய பாய்சுவேய் விதியை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் படித்திருப்பீர்கள். அந்தப் பிரெஞ்சுக்காரர் மருத்துவம் பயின்றவர். இரத்த ஓட்டத்தை அறியும் ஆவலால்தான் நுண்குழாய்ச் சோதனைகளில் இறங்கினார். பாயும் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது அவர் கண்ட முடிவு. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

அப்படியானால் தமனி சிறிது சுருங்கிய உடனேயே கை மரத்துவிட வேண்டுமே, ஏன் அவ்வாறு நிகழ்வதில்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உடலில் இரத்த ஓட்டத்துக்குப் பெரும் தடையாக இருப்பவை பெரிய தமனிகள் அல்ல. அவற்றின் கோடியில் உள்ள மிக நுண்ணிய தமனிகளே. மேலே பெரிய குழாய் சுருங்கச் சுருங்க, கீழே இவை விரிந்து கொடுத்து ஈடுகட்டுகின்றன. ஆகவே ஓய்வில் இருக்கும்போது கைக்கு எக்குறையும் தெரியாது. ஆனால் துணி பிழியத் தொடங்கினால் தசைக்குப் பல மடங்கு இரத்தம் வேண்டும். முன்பே முழுவதும் விரிந்துவிட்ட நுண்தமனி இனி எங்கே விரியும்? கை சோர்ந்து விழுகிறது. நோய் இத்தனை காலம் மறைந்து வாழ்வதன் இரகசியம் இதுவே.

மறைந்து வாழ்ந்தாலும் அது வாய் மூடி இருப்பதில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும்போது மருத்துவர் புயத்தில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, மெல்ல வெளியேற்றியவாறே ஸ்டெதஸ்கோப்பில் ஒலி கேட்கிறார். 1905இல் ருஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் கண்டுபிடித்த முறை இது. பட்டை தமனியை நசுக்குகிறது; நசுங்கிய வழியில் இரத்தம் முண்டியடித்துப் பாயும்போது ஒலி பிறக்கிறது. தகயாசு நோயில் தமனி தானாகவே நசுங்கியிருக்கிறது. எனவே கழுத்திலும் காறை எலும்பின் மேற்புறத்திலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், பட்டையே கட்டாமல் 'உஸ்... உஸ்...' என்ற இரைச்சல் கேட்கும்.

இனி, தமனி ஏன் சுருங்குகிறது? கொழுப்புப் படிவதால் அல்ல. இந்நோயாளிகளில் பெரும்பாலோர் நாற்பதுக்கு உட்பட்டவர்கள். கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள், உடலின் சொந்தத் தமனிச் சுவரையே பகையாகக் கருதித் தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை. பெரிய தமனியின் சுவர் தடித்தது. அந்தச் சுவருக்கே இரத்தம் கொடுக்கத் தனியே சிறு நாளங்கள் உண்டு. அவற்றின் வழியாக உள்ளே புகும் டி-அணுக்களும் விழுங்கணுக்களும், தமனிக்கு மீள்தன்மை அளிக்கும் இழைகளை அறுக்கின்றன. புண் ஆறும்போது சுவர் தழும்பேறித் தடித்து வழியை அடைக்கிறது. சில இடங்களில் நேர்மாறாக, வலுவிழந்த சுவர் பலூன்போல் புடைத்துக்கொள்வதும் உண்டு.

இந்தத் தாக்குதல் தொடங்கும் காலத்தில் காய்ச்சல், மூட்டுவலி, உடல் மெலிவு தவிர வேறொன்றும் இராது. நம் நாட்டில் இக்குறிகளைக் கண்டதும் காசநோய் நினைவுக்கு வருவது இயல்பே. தகயாசு நோய்க்குக் காசநோயே மூலகாரணமோ என்ற ஐயம் இந்திய மருத்துவர்களிடையே நெடுங்காலம் நிலவியது. இன்றும் முற்றாகத் தீரவில்லை. எச்.எல்.ஏ. பி52 என்னும் மரபுக்கூறு உடையவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது மட்டும் உறுதியாகியிருக்கிறது.

இப்போது பம்பாய்க்கு வருவோம். அங்கே கே.ஈ.எம். மருத்துவமனையில் பிரபுல்ல குமார் சென் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1968இல் இந்தியாவின் முதல் இதயமாற்று அறுவையைச் செய்தவர் என்று அவரை அறிந்திருப்பீர்கள். அவரும் நோய்க்குறியியல் அறிஞர் கினரேயும் அவர்களுடைய துணைவர்களும் 1963இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1973இல் 101 நோயாளிகளைப் பற்றிய ஆய்வைத் தனி நூலாகவே கொண்டுவந்தனர். ஜப்பானில் பெருந்தமனியின் வளைவை அதிகம் தாக்கும் இந்நோய், இந்தியாவில் பெரும்பாலும் வயிற்றுப் பகுதிக்கு இறங்கி, சிறுநீரகத் தமனிகளைப் பிடிக்கிறது என்பது இத்தகைய இந்திய ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஜப்பானில் நோயாளிகள் ஏறக்குறைய அனைவரும் பெண்கள். இங்கோ ஆண்களும் கணிசமாக இருந்தனர்.

சிறுநீரகத் தமனி சுருங்கினால் என்ன? 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்டுபிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியில் சிறு கவ்வியைப் பொருத்தித் திருகினார். நாய்களின் இரத்த அழுத்தம் ஏறியது. வரும் இரத்தம் குறைந்ததும், உடல் முழுவதிலுமே அழுத்தம் விழுந்துவிட்டது என்று சிறுநீரகம் தவறாக எண்ணுகிறது. ரெனின் என்ற பொருளைச் சுரந்து அழுத்தத்தை ஏற்றச் செய்கிறது. கோல்டுபிளாட் கவ்வியால் செய்ததைத் தகயாசு நோய் தழும்பால் செய்கிறது. இருபது வயதில் கடும் இரத்த அழுத்தம். கவனியாமல் விட்டால் இதயம் தளர்கிறது, அல்லது மூளையில் நாளம் வெடிக்கிறது.

வாசகர்கள் இங்கே ஒரு விபரீதத்தைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகத் தமனியும் சுருங்கி, இடக்கைத் தமனியும் சுருங்கிய பெண்ணின் அழுத்தத்தை இடக்கையில் அளந்தால் என்ன வரும்? உள்ளே பெருந்தமனியில் 200 மி.மீ. இருக்கலாம், கருவியோ 100 என்று காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை அது சரியாகவே சொல்கிறது. 'லோ பிரஷர்' என்று உப்பைக் கூட்டச் சொல்லி அனுப்பினால், அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்ததாகும். ஆகவேதான் இரு கைகளிலும், தேவையானால் கால்களிலும் அளக்க வேண்டும் என்கிறார்கள். 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி வகுத்த ஆறு அடையாளங்களில், இரு கைகளுக்கிடையே 10 மி.மீ.க்கு மேற்பட்ட வேறுபாடும் ஒன்று. நாற்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும் என்பது இஷிகாவா வகுத்த பழைய விதிகளில் கட்டாயமாக இருந்தது. அதை நீக்கியவர் சண்டிகர் மருத்துவர் பி.கே. சர்மா (1996).

எங்கள் திருவேங்கடம் பகுதியிலிருந்து இதய நோயாளிகள் சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து திருவனந்தபுரம் செல்வது வழக்கம். அவர்கள் நாடிச் செல்லும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில்தான், இந்நோயாளிகள் 88 பேரைத் தொடர்ந்து கவனித்து, நோயின் போக்கு எத்தகையது என்பதை 1989இல் சுப்பிரமணியன் முதலிய மருத்துவர்கள் எழுதினர். பெரும்பாலோர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். இது கொல்லும் நோய் என்பதைவிட, நெடுங்காலம் கூடவே வாழும் நோய் என்பதே பொருந்தும்.

கூட வாழ்வதற்கு வழி செய்தவை மருந்துகள். 1948இல் மாயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச், கார்ட்டிசோனை முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தி வியப்பான பலன் கண்டார். 1950இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த இனத்தைச் சேர்ந்த பிரெட்னிசோலோன்தான் இந்நோய்க்கும் முதல் மருந்து. அது வெள்ளணுக்களின் வெறியாட்டத்தை அடக்குகிறது. அதற்கு நோயாளி கொடுக்கும் விலை சிறிதன்று. முகம் உப்புகிறது, எலும்பு மெலிகிறது, சிலருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. அளவைக் குறைத்தால் நோய் மீண்டும் தலைதூக்குவது உண்டு. எனவே மெத்தோட்ரெக்சேட், அசத்தியோப்பிரின் போன்றவற்றையும் சேர்த்துக் கொடுக்கின்றனர். டோசிலிசுமாப் என்ற புது மருந்தும் வந்துள்ளது. விலைதான் எளியவர்களுக்கு எட்டாதது. அடைபட்ட தமனியைப் பலூன் கொண்டு விரிக்கலாம். மாற்றுவழி அமைத்து அறுவை செய்யலாம். ஆனால் நோய் தணிந்திருக்கும் வேளையில் செய்தால்தான் அது நிலைக்கும்.

திருமண வயதில் இந்நோய் கண்ட பெண்ணின் வீட்டில் எழும் முதற்கேள்வி, குழந்தை பெறலாமா என்பது. நோய் தணிந்து, அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் பெறலாம் என்பதே மருத்துவர்களின் விடை. ஆனால் மெத்தோட்ரெக்சேட் கருவுக்குக் கேடு; அதைக் கருத்தரிப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கர்ப்ப காலம் முழுவதும் அழுத்தத்தைச் சரியான கையில் பார்த்துவர வேண்டும். இரு கைகளிலும் நாடி இல்லாதவருக்குக் காலில் பார்ப்பார்கள்.

நோய் தணிந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? இதுதான் கடினமான பகுதி. 1994இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் 60 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் திகைக்க வைக்கும் செய்தி ஒன்று இருந்தது. நோய் அடங்கிவிட்டதாகக் கருதி அறுவை செய்தவர்களின் தமனித் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நூற்றுக்கு 44 துண்டுகளில் அழற்சி கனன்றுகொண்டிருந்தது! இரத்தச் சோதனை மட்டும் போதாது என்று ஆயிற்று.

இதற்கு விடை தேடியவர்களில் லக்னோவின் ராம்நாத் மிஸ்ரா, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தேபாசிஷ் தண்டா ஆகியோர் முன்னின்றனர். இந்தியாவின் பல நகர மருத்துவர்கள் கூடி உருவாக்கிய மதிப்பெண் முறை 'ஐ.டி.ஏ.எஸ். 2010' என்ற பெயரில் 2013இல் வெளியாயிற்று. அதில் 44 வினாக்கள். 33 வினாக்கள் இதயமும் நாளங்களும் பற்றியவை. தமனியில் இரைச்சல் கேட்கிறதா, இரு கை நாடிகளும் சமமாக உள்ளனவா, முன்பு இருந்த நாடி இப்போது மறைந்துவிட்டதா என்பன போன்ற ஏழு வினாக்களுக்கு இரட்டை மதிப்பெண். ஸ்கேன் வசதி உள்ள ஊரில் ஸ்கேனும் எடுக்கிறார்கள். ஆனால் இந்தத் தாளை நிரப்ப மருத்துவருக்கு வேண்டியவை ஒரு ஸ்டெதஸ்கோப், ஓர் அழுத்தமானி, மணிக்கட்டில் வைக்க மூன்று விரல்கள்.