தாயின் குருதி

2014ஆம் ஆண்டில், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், வேப்பமரத்தடியில் இருந்த பூம்பாத்தியை ஒரு நாள் மாலை தோட்டக்காரர் கொத்திக்கொண்டிருந்தார். மண்ணுக்குள்ளிருந்து நீலநிற மாத்திரைகள் கைப்பிடியளவு வெளிப்பட்டன. வளரிளம் பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் பள்ளியில் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகள் அவை. மறுநாள் வகுப்பில் நான் சினந்து பேசினேன். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "எனக்கு நோய் ஒன்றும் இல்லையே ஐயா, நான் ஏன் மருந்து தின்ன வேண்டும்?" என்று பணிவாகவே கேட்டாள். "எல்லாம் உன் நன்மைக்குத்தான், உட்கார்" என்றேன். அது விடையன்று என்பது எனக்கே தெரிந்திருந்தது. வரலாறு கற்பித்துப் பிழைத்தவன் நான். அந்த மாத்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னரே தேடிப் படித்தேன். அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

ஒரு பெண் கருவுற்றால் அவள் உடலில் குருதியின் அளவு பெருகுகிறது. குருதியின் நீர்ப்பகுதி விரைந்து பெருகும். செவ்வணுக்களோ அத்துணை விரைவில் பெருகுவதில்லை. அவற்றை ஆக்குவதற்கு இரும்பு முதலிய சத்துகள் வேண்டும். கருவிலிருக்கும் குழந்தையும் தன் பங்கைக் கேட்கும். தாய் உண்ணும் உணவு போதாதாயின், அவள் உடலில் சேர்ந்திருக்கும் சிறு சேமிப்பிலிருந்து அது எடுத்துக்கொள்ளும். சேமிப்பே இல்லாத தாய் வெளுத்து, மூச்சிரைத்து, கால் வீங்கிப் பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாள். அப்போது குருதி சற்று மிகுதியாகப் போய்விட்டாலும் உயிர் தாங்குவதில்லை. இதனையே சோகை என்கிறோம்.

வரவு இவ்வாறு குறைந்திருக்கும் வீட்டில் திருடனும் புகுந்தால் என்னாகும்? மலேரியாக் கிருமி செய்வது அதுதான். செவ்வணுவினுள் புகுந்து, அங்கே பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளிவந்து, அடுத்த அணுவைத் தேடுகிறது. அனாபிலிஸ் என்னும் கொசுவின் வயிற்றில் அக்கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் கண்டறிந்தார் என்பது பாடநூல்களில் உள்ள செய்தி. அதனை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. நான் சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத ஓர் அம்மையாரைப் பற்றி.

லூசி வில்ஸ் 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, பின்னர் லண்டனில் பெண்களுக்கென அமைந்த மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1920இல் மருத்துவரானார். அக்காலத்தில் நம் நாட்டில் பிள்ளைப்பேற்றின்போது தாய்மார் இறப்பது ஏன் என்று ஆராய ஒரு விசாரணை தொடங்கப்பட்டது. மார்கரெட் பால்ஃபர் என்னும் மருத்துவ அம்மையார் அழைக்க, வில்ஸ் 1928இல் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

பம்பாயில் அவர் கண்டவர்கள் துணியாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த ஏழைப் பெண்கள். அவர்களுக்கு வந்த சோகை விந்தையானது. இரும்புக் குறைவால் வரும் சோகையில் செவ்வணு சிறுத்து வெளிறும். இவர்களுடைய அணுக்களோ எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்திருந்தன. இரும்பு கொடுத்தும் பயனில்லை. தொற்றுக்கிருமி காரணமோ என்று தேடினார். அகப்படவில்லை. பிறகு, மருத்துவர் அக்காலத்தில் அடிக்கடி மறந்துவிட்ட ஒரு காரியத்தைச் செய்தார்: அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று விசாரித்தார். காயும் கனியும் கீரையும் இல்லாத, வயிறு நிரப்புவதற்கு மட்டும் உதவும் உணவு அது. வசதியுடைய குடும்பப் பெண்களிடம் இந்நோய் அரிது.

1929இல் அவர் நம் நீலகிரிக்கு வந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில், உணவு ஆராய்ச்சியில் பேர்பெற்ற மக்காரிசன் இருந்த இடத்தில், சில மாதங்கள் வெள்ளெலிகளை வைத்து ஆராய்ந்தார். பம்பாய்ப் பெண்களின் உணவை ஒத்த உணவை எலிகளுக்குக் கொடுத்தார். கருவுற்ற எலிகள் சோகையுற்றுக் குட்டி ஈனுமுன் இறந்தன. ஈஸ்டைச் சேர்த்துக் கொடுத்தபோது பிழைத்தன. விடை கிடைத்துவிட்டது என்றே எவரும் நினைப்பர். ஆனால் அந்த எலிகளின் சோகைக்குக் காரணம் பேன் வழியாகப் பரவிய வேறொரு கிருமி என்று பிறகு தெரியவந்தது! சோதனை முழுவதும் ஐயத்துக்கு இடமாயிற்று. மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெற்றிக் கதைகளை எழுதுவோர் இத்தகைய பக்கங்களைப் பெரும்பாலும் கிழித்துவிடுகிறார்கள்.

அம்மையார் மனம் தளராமல் குரங்குகளை வைத்துத் தொடர்ந்தார். நலிந்த குரங்கொன்றுக்கு மார்மைட் கொடுத்தபோது அது தேறிற்று. மார்மைட் என்பது பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து காய்ச்சியெடுத்த கரிய குழம்பு. இங்கிலாந்தில் ஏழைகளும் ரொட்டியில் தடவித் தின்னும் மலிவுப் பண்டம். அதனையே நோயுற்ற பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே அவர்களுக்குப் பசி எடுத்தது. குருதியில் இளஞ்செவ்வணுக்கள் மிகுந்தன. 1931இன் தொடக்கத்தில் அவர் சென்னையில் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என நாம் அறிவது அதுவே. அவ்வாண்டு ஜூன் மாதம் அவருடைய கட்டுரை இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. குணப்படுத்திய பொருள் இன்னதென்று அவருக்குத் தெரியாது. ஆதலால் பிறர் அதனை 'வில்ஸ் காரணி' என்று அழைத்தனர்.

இனி நாம் கடலைக் கடந்து இலங்கைக்குச் செல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குள் அந்தக் கரிய குழம்புக்கு அங்கே வேலை வந்தது.

இலங்கையின் தென்மேற்குப் பகுதி மழைவளம் உடையது. அங்கே ஆறுகள் விரைந்து ஓடுவதால் கொசுவின் புழுக்கள் அடித்துச் செல்லப்படும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் குட்டை குட்டையாகத் தெளிந்த நீர் தேங்கிற்று. மலேரியாக் கொசுவுக்கு அதைவிட உகந்த தொட்டில் வேறில்லை. மழை மிகுந்தால் கொசு மிகும் என்று பொதுவாக எண்ணுகிறோம். இங்கே மழை குறைந்ததால் கொசு மிகுந்தது. உலர்ந்த வடபகுதியில் வாழ்ந்தோர்க்கு ஆண்டுதோறும் காய்ச்சல் வந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் ஏற்பட்டிருந்தது. கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களுக்கு அது இல்லை. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட நோய், சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் ஊர் ஊராகச் சென்று கொய்னாவும் உணவும் வழங்கினர். நலிந்தோர்க்கு அவர்கள் கொடுத்தவற்றுள் மார்மைட்டும் ஒன்று. காய்ச்சலைத் தணிக்கக் கொய்னா உண்டு. காய்ச்சல் விட்டபின் எஞ்சிய வெளுத்த உடலைத் தேற்றுவதற்கு வேறொன்று வேண்டும் என்பதை அவர்கள் களத்திலே கண்டனர்.

அந்நாளில் கருவுற்ற தாய்மாரைத் தனியே எண்ணிப் பார்த்தவர் ஜி. ஏ. டபிள்யூ. விக்ரமசூரிய என்னும் மகப்பேற்று மருத்துவர். கொழும்பு டி சொய்சா மகப்பேற்று மனையில் பணிபுரிந்தவர். மலேரியாவுடன் வந்த கருவுற்ற பெண்களில் நூற்றுக்குப் பதின்மூவர் அளவில் இறந்ததையும், நோயுற்ற பிற பெண்களைவிட இஃது ஏறத்தாழ இருமடங்கு என்பதையும் அவர் கணக்கிட்டார். கருவை இழந்தவர்களோ மிகப் பலர். மலேரியாவையும், குடலிலிருந்து குருதியை உறிஞ்சும் கொக்கிப்புழுவையும் சேர்த்து, கருவுற்ற பெண்ணை மையமாக வைத்து அவர் எழுதிய நூல் 1937இல் வெளிவந்தது. ஊர்க்கணக்கில் 'இத்தனை பேர் இறந்தனர்' என்னும் ஒற்றை எண்ணுக்குள் தாய்மாரின் சாவு மறைந்து கிடந்தது. அதனைப் பிரித்துக் காட்டியதே பெரும்பணி என்பேன்.

அவர்களை அக்கிருமி ஏன் இவ்வளவு கொடுமையாகத் தாக்குகிறது? தாயையும் கருவையும் இணைக்கும் நஞ்சுக்கொடியில், பால்சிபாரம் என்னும் கொடிய வகை மலேரியாக் கிருமி புகுந்த செவ்வணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. எந்தப் பொருளைப் பற்றி ஒட்டுகின்றன என்பது 1996இல் வெளியாயிற்று. விரல் நுனியில் எடுத்த குருதியில் கிருமி தென்படாதபோதும் நஞ்சுக்கொடியில் மறைந்திருக்கக்கூடும். குழந்தைக்குப் போகும் உணவு குறைந்து, அது எடை குறைந்து பிறக்கிறது. மலேரியா ஓயாத நாடுகளில், முதற்பேற்றுத் தாய்மாருக்கே இடர் மிகுதி. அடுத்தடுத்த பேறுகளில் உடல் அந்த ஒட்டும் தந்திரத்தைக் கற்று எதிர்க்கிறது.

வில்ஸ் காரணியின் பெயரும் இதற்கிடையில் தெரிந்துவிட்டது. 1941இல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலையினக் கீரையை அரைத்துச் சிறிதளவு பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் 'ஃபோலிக் அமிலம்' என்று பெயரிட்டனர். 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கியது லெடர்லி ஆய்வகம். அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கீரையில் இருக்கும் அப்பொருள் நெடுநேரம் வேகவைத்தால் அழிந்துவிடும். நம் வீடுகளில் கீரை படும் பாட்டை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இனிதான் கதை சிக்கலாகிறது. மலேரியாக் கிருமியும் பெருகுவதற்கு ஃபோலிக் அமில வகைச் சத்து வேண்டும். அதனைத் தானே ஆக்கிக்கொள்ளும் வழியை அடைத்துவிட்டால் கிருமி மடியும். சல்ஃபடாக்சின், பைரிமெத்தமின் என்னும் இரு மருந்துகளின் கூட்டு அதைத்தான் செய்கிறது. ஆபிரிக்காவில் மலேரியா மிகுந்த நாடுகளில், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருவுற்ற தாய்மாருக்கு நான்காம் மாதம் முதல் ஒரு மாதத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு இதனைக் கொடுக்கிறார்கள். கொசுமருந்து ஊட்டிய வலையும் தருகிறார்கள். அத்தாய்க்குச் சோகை தீர வேண்டுமே என்று ஃபோலிக் அமிலத்தை 5 மில்லிகிராம் போன்ற பேரளவில் கொடுத்தால், மருந்தின் ஆற்றல் குன்றுகிறது! பட்டினி போட்ட பகைவனுக்கு நாமே சோறிட்டதாக முடிகிறது. ஆகவே அங்கே நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் என்னும் சிற்றளவே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இரும்பிலும் இதே ஐயம் எழுந்தது. சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த ஆய்வில், நோய் முற்றி மருத்துவமனை சேர்ந்தோரும் இறந்தோரும் மிகுந்தனர் என்று 2006இல் செய்தி வந்து உலகம் திடுக்கிட்டது. கருவுற்ற தாய்மாருக்கும் நிறுத்திவிடுவதா? கென்யாவின் மேற்குப் பகுதியில் நடந்த ஆய்வு 2015இல் விடை தந்தது. மலேரியாத் தடுப்போடு சேர்த்து நாள்தோறும் இரும்பு கொடுத்தபோது காய்ச்சல் மிகவில்லை. குழந்தைகள் சராசரியாக 150 கிராம் எடை கூடிப் பிறந்தனர். சோகையைத் தனியாகவும் மலேரியாவைத் தனியாகவும் மருத்துவம் செய்யலாகாது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இலங்கை 2016ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் கருவுற்ற தாய்மாருக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை வழங்கும் திட்டம் 1970இல் தொடங்கியது. ஆயினும் 2019-21 கணக்கெடுப்பின்படி கருவுற்ற பெண்களில் பாதிப்பேருக்கு மேல் சோகையுடையவர்கள். அரை நூற்றாண்டு மாத்திரை கொடுத்தும் ஏன் இந்நிலை என்று கேட்போருக்கு, என் பள்ளிப் பூம்பாத்தியையே காட்டுவேன். மாத்திரை கொடுத்தோம், காரணம் சொல்லவில்லை. கருவுற்றபின் சேமிக்கத் தொடங்கினால் காலம் போதாது. பதினாறு வயதில் சேமித்த இரும்புதான் இருபத்துநான்கு வயதில் கைகொடுக்கும். அன்று அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவே.

அவளை 2022இல் ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். கணவர் ஒடிசாவில் சுரங்கப் பகுதியொன்றில் வேலை பார்க்கிறார். மலேரியா உள்ள இடம். கருவுற்றிருந்தபோது மாதந்தோறும் விரலில் குத்திச் சோதித்தார்களாம். வலை கொடுத்தார்களாம். சிவப்பு மாத்திரையும் கொடுத்தார்களாம். "அதையாவது ஒழுங்காகத் தின்றாயா?" என்றேன். சிரித்துக்கொண்டு, "ஒன்றுகூட விடவில்லை ஐயா" என்றாள். குழந்தை பிறந்தபோது எடை என்ன என்று கேட்டேன். மூன்று கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு என்றாள்.